வரி 2720

ஜூன் கூட்டத்துக்கு ஊரே வரும்.
ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நூற்றிருபது நாற்காலி, இரண்டு மைக்,
அச்சடித்து, துளைபோட்டு, கோத்து முடித்த பட்ஜெட்.
போன வருஷம் நானும் அங்கேதான் கத்தினேன்.
தொண்டை கட்டிக்கொண்டது.
தாளில் ஒரு கமாகூட நகரவில்லை.

"பிப்ரவரியில் வந்திருக்கணும்" என்றாள்
பள்ளி அலுவலகத்து செலஸ்டீன்,
ஜெராக்ஸ் இயந்திரத்தின் வயிற்றில்
சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டே.
"அப்போதுதான் அவர்கள் கையில் பென்சில் இருக்கும்."

ஆக, பிப்ரவரி.
மேய்ன் மாநிலத்தின் வடகோடி. மைனஸ் பத்தொன்பது.
காகித ஆலையில் என் ராத்திரி ஷிப்டை
லொரெய்ன் தலையில் கட்டிவிட்டு
நூலக அறைக்குப் போனேன்.
பொதுமக்களுக்கென்று நாலு நாற்காலி.
ஒன்றில் நான். பக்கத்தில் என் கோட்டு,
இரண்டு பேர் வந்த மாதிரி இருக்கட்டும் என்று.

வரி 2720: போக்குவரத்து.
கடைசி பஸ், மாலை நாலே முக்கால்.
முப்பத்தோராயிரத்து நானூறு டாலர்.
வீட்டுக்கு வீடு கட்டுகிற வரியெல்லாம் திரண்டு
இந்த ஒற்றை வரியாக வந்து நிற்கிறது.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கீற்று.
அடித்தல்கூட இல்லை,
அடிக்கலாமா என்று யோசித்த கையின் நிழல்.

நான் வெறுங்கையோடு போகவில்லை.
அந்த பஸ்ஸின் பின்சீட்டில் ஒரு வாரம்
உட்கார்ந்து எண்ணியிருந்தேன்.
திங்கள், இருபத்திரண்டு.
செவ்வாய், பத்தொன்பது.
புதன் பனிப்புயல், பள்ளி இல்லை.
வியாழன், இருபத்தாறு, ஒரு டிராம்போனும்.
(டிராம்போன் என் பையனுடையது. அதையும் சொல்லிவிட்டேன்,
நான் மறைத்தால் வேறு யாராவது சொல்வார்கள்.)
வெல்டிங் பழகுகிறவன், கணக்கில் தோற்ற இருவர்,
எந்த வகுப்பும் இல்லாமல்
வீட்டில் ஹீட்டர் ஓடாததால் தங்கிப்போகிற ஒருத்தி.
அவள் பெயரைச் சொல்லவில்லை.
எண்ணிக்கையில் மட்டும் வைத்தேன்.

"பெயர், முகவரி?" என்றார் தலைவர்.
ஒடீல் திபோடோ. மில் தெரு, பதினேழு.
மூன்று நிமிஷம்.
குரல் நடுங்கியது. தாள் நடுங்கவில்லை,
அதை மேஜைமேல் வைத்து அமுக்கியிருந்தேன்.

எதிரே, குழுவில், தர்லோ பீல்.
பிள்ளை குட்டி கிடையாது.
கேவலமாக எதுவும் பேசவில்லை, அதுதான் சங்கடம்.
"இந்த பஸ்ஸுக்கு என் வீட்டுப் பங்கு பதினாலு டாலர்" என்றார்.
"எனக்கு அது மூன்றரை காலன் எண்ணெய்.
ஒரு ராத்திரிக் கதகதப்பு."

என்னிடம் பதில் இல்லை.
இன்றைக்கும் இல்லை.
அந்த ஒருத்தியை நினைத்துக்கொண்டேன்:
இரண்டு பேருக்கும் ஒரே குளிர்தான்.

பென்சில்கள் உரசின. யாரோ ரப்பர் கேட்டார்கள்.
ஒன்பதரை மணிக்கு ஒரு எண் வந்தது:
பதினெட்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.
திங்கள், புதன், வெள்ளி. அவ்வளவுதான்.

ஜூனில் கையைத் தூக்கி எண்ணினார்கள்.
அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு.
ஒருவர் தூங்கிவிட்டார்.
தர்லோவின் கை எதிர்ப்பக்கம், வளையாமல், நேராக.
வாசலில் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது பனி மறுபடி விழுந்துவிட்டது.
செவ்வாயும் வியாழனும் என் பையன்
டிராம்போனைச் சறுக்குப் பலகையில் கட்டி
மூன்று மைல் இழுத்துக்கொண்டு வருகிறான்.
அந்த ஒருத்தி அந்த இரண்டு நாள் எங்கே தங்குகிறாள் என்று
எனக்குத் தெரியவில்லை. கேட்கணும்.

செலஸ்டீனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்,
வருகிற பிப்ரவரிக்கு நாலு நாற்காலி போதாது.
எட்டுப் போடு.
ஆள் குறைந்தால் கோட்டுகள் இருக்கின்றன.
லொரெய்னிடமே மூன்று இருக்கிறது.